தகைமையை முதல்நாளே பாருங்கோ, இன்ரவியூ மேசையில வைச்சுப் பாக்காதேங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிறதைப் பற்றி உங்கட பத்திரிகையில வாற கடிதங்கள் ஒண்டில் செல்வாக்குள்ளவனுக்குத்தான் வேலை எண்டு திட்டும், இல்லாட்டி படிச்ச பிள்ளையளுக்கு வேலை குடுங்கோ எண்டு கேக்கும். ரெண்டிலயும் நான் பிழை சொல்ல வரேல்ல. ஆனா அந்த விண்ணப்பங்கள் கந்தோருக்குள்ள போனாப்பிறகு அதுகளுக்கு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் எழுதுறேல்ல. நான் தாபனக் கிளையில, அதுதான் கந்தோரில ஆள் எடுக்கிற அலுவல் பாக்கிற பகுதி, கனகாலம் இருந்து பென்சன் எடுத்தனான், விண்ணப்பம் பிரிச்சுப் பாத்துக் கழிக்கிற வேலை என்ர மேசைக்குத்தான் வாறது. அதால கொஞ்சம் நீட்டா எழுதுறன், இடம் காணாட்டி வெட்டிப் போடுங்கோ, ஆனா நடுவில வெட்டிப்போடாதேங்கோ, அங்கதான் விசயம் இருக்கு.

வெற்றிடம் வெள்ளிக்கிழமை அரசாங்க வர்த்தமானியில, அதுதான் கெசற்றில வரும், மாகாண வேலை எண்டா பேப்பரிலயும் வெப்சைற்றிலயும் வரும். முடிவுத் திகதிக்கு முந்தின அந்தக் கடைசிக் கிழமையிலதான் முக்கால்வாசியும் வந்து குவியிறது, ஏன் எங்கட சனம் கடைசிமட்டும் பாத்துக்கொண்டு இருக்குதெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. உறையைப் பிரிக்க முதல் தபால் முத்திரையில திகதியைப் பாக்கிறது, பதிவுத் தபால்தானோ எண்டு பாக்கிறது, இடப்பக்க மேல்மூலையில பதவிப்பேர் எழுதியிருக்கோ எண்டு பாக்கிறது, பேந்துதான் பிரிக்கிறது. உள்ள இருக்கிறதை ஒரு பெரிய தாளில கட்டம் கீறி ஏத்துவம், பேர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, முடிவுத் திகதியில வயசு, வதிவிடம், ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல். (உயர்தரம்), எத்தினை தடவையில எடுத்தது, கையொப்பத்தை ஆர் அத்தாட்சிப்படுத்தினது, அவரின்ர றப்பர் ஸ்ராம்ப் இருக்கோ இல்லையோ. பேந்து பேந்து அந்தக் கட்டமெல்லாம் எக்செல்லுக்கு மாறினது, ஆனா கேள்வியள் அதேதான். கடைசிக் கட்டத்துக்குப் பேர் 'குறிப்பு'. அதில ஒரு ஆளைக் கழிக்கிறதெண்டா ஏன் கழிக்கிறம் எண்டு ரெண்டு மூண்டு சொல்லில எழுதோணும். 'வயது கூட', 'கணிதம் இல்லை', 'ஒரே தடவையில் இல்லை', 'அத்தாட்சிப்படுத்தவில்லை' இப்பிடி. எழுதாட்டி மேல இருக்கிறவர் கையெழுத்து வைக்க மாட்டார்.

இப்ப நான் சொல்ல வாறது இதுதான். அந்தக் காரணம் அண்டைக்கே எழுதியாச்சு. கந்தோரில இருக்கு, பைலில இருக்கு. ஆனா விண்ணப்பம் போட்ட பிள்ளைக்கு மட்டும் அது போறேல்ல. விண்ணப்பம் கிடைச்சதெண்டு அறிவிக்க மாட்டம், முழுமையில்லாத விண்ணப்பத்தை அறிவிக்காமலே நிராகரிப்பம், தபாலில துலைஞ்சதெண்டு முறைப்பாடு வந்தா ஏற்கமாட்டம் எண்டு அறிவித்தலிலயே போட்டிருக்கும், ஆரும் கெசற் எடுத்து வாசிச்சா தெரியும். பிள்ளை ஒரு வருசம் ரெண்டு வருசம் பாத்துக்கொண்டு இருக்கும், கூடப் போட்டவளுக்கு கடிதம் வந்திட்டுதாம் எண்டு கேள்விப்பட்டுத்தான் தனக்கு இல்லையெண்டு விளங்கிக்கொள்ளும், பேந்து வீட்டில ஆரும் ஒருத்தர் "காசு குடுத்திருக்கோணும்" எண்டு சொல்லுவினம். அரைவாசிப் பேருக்கு நடந்தது ஒரு ஸ்ராம்ப் இல்லாதது மட்டும்தான். அதைச் சொல்லியிருந்தா அடுத்தமுறை சரியா அனுப்பியிருக்கும். சொல்லாததால அது லஞ்சம், செல்வாக்கு எண்டு ஊருக்குள்ள கதையாப் போகுது.

ஆயிரக்கணக்கில வாற விண்ணப்பத்துக்கு ஆர் கடிதம் அடிக்கிறது, முத்திரைக் காசு ஆர் தாறது எண்டு கேப்பினம், நாங்களும் ஒருகாலம் அதைத்தான் சொன்னனாங்கள், அந்தக் காலத்துக்கு அது சரியும்தான். இப்ப ஃபோமில கைபேசி நம்பரும் ஈமெயிலும் கேட்டு வாங்கினம். எக்செல்லில குறிப்புக் கட்டம் இருக்கு, போன் நம்பர்க் கட்டமும் இருக்கு. மின்சாரம் வெட்டப்போறம் எண்டு மெசேச் வருது, வங்கியில நூறு ரூபா கழிச்சா மெசேச் வருது, உங்கட விண்ணப்பத்தில இன்ன குறை எண்டு ஒரு மெசேச் அனுப்ப ஏலாதெண்டா அது ஏலாத விசயமில்லை, அனுப்பினா திருப்பிக் கேள்வி வரும் எண்ட பயம். கேள்வி வந்தா என்ன, பதில் பைலில இருக்குத்தானே.

போட்டிப் பரீட்சை வைச்சு ஆள் எடுக்கிற இடத்தில இது இன்னும் மோசம். அங்க முதல் பிரிச்சுப் பாக்கிற வேலையே பேருக்குத்தான். அனுமதி அட்டை வந்ததால உங்களுக்குத் தகைமை இருக்கெண்டு நாங்கள் ஏற்றுக்கொண்டதா நினைக்க வேண்டாம் எண்டு அறிவித்தலில ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைச்சுக்கொண்டு எல்லாருக்கும் அட்டையை அனுப்பி, எல்லாரிட்டயும் கட்டணத்தை வாங்கி, அந்தக் கட்டணமும் திருப்பித் தரப்படமாட்டாது, எல்லாரையும் மண்டபத்தில இருத்தி எழுத வைச்சு, திருத்தி, றிசல்ட் போட்டு, புள்ளி வரிசையில மேல நிக்கிறவையை இன்ரவியூவுக்குக் கூப்பிட்டு, அங்கதான் ஓ.எல். சேர்டிபிக்கற்றை முதன்முதலா ஒரு ஆள் கண்ணால பாக்கிறது. அந்த நேரத்தில ஒருத்தியை நிப்பாட்டினா அவளுக்கு ரெண்டு வருசம் போச்சு, அவளுக்குப் பின்னால நிண்டவளைக் கூப்பிடப் பிந்தினா வெற்றிடமும் அப்பிடியே கிடக்கும்.

இதில வேடிக்கை என்னெண்டா கனக்க ஆட்சேர்ப்புச் சோதனைகளை நடத்துறது பரீட்சைத் திணைக்களம். ஓ.எல்., ஏ.எல். நடத்தி றிசல்ட்டை வைச்சிருக்கிறதும் அதே பரீட்சைத் திணைக்களம். பிள்ளை ஃபோமில சுட்டெண்ணும் வருசமும் எழுதுது. தங்கட கொம்பியூட்டரில தாங்களே தேடிப்பாத்தா கணிதத்தில என்ன, தாய்மொழியில என்ன, ஒரே தடவையோ ரெண்டு தடவையோ எண்டு அந்த நிமிசமே தெரியும். வயசு பாக்க பிறப்புச் சான்றிதழும் தேவையில்லை, அடையாள அட்டை நம்பருக்குள்ளயே இருக்கு, பழைய ஒன்பது இலக்கத்தில முதல் ரெண்டும் பிறந்த வருசம், 2016க்குப் பிறகு வந்த பன்னிரண்டு இலக்கத்தில முதல் நாலும் வருசம், அதுக்கு அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாம் நாள் பிறந்தது எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். நாங்கள் மேசையில அதை மனக்கணக்காப் பாத்துத்தான் வயசு கூடினவையைப் பிடிக்கிறனாங்கள். விண்ணப்பத்தை ஒன்லைனில போடச்சொல்லுற இந்தக் காலத்தில, வயசு கூடின ஆள் நம்பரை அடிச்ச உடன "நீங்கள் இதுக்கு விண்ணப்பிக்க ஏலாது" எண்டு சொல்லாமல் காசையும் கட்டுவிச்சு எடுக்கிறது என்ன நியாயம்.

என்ர மருமகள், தங்கச்சியின்ர மகள், அவளுக்கு நடந்ததைச் சொல்லுறன், எந்தக் கந்தோர் எண்டு எழுதேல்ல, எல்லாக் கந்தோரிலயும் நடக்கிறதுதான். பட்டதாரி வேலை ஒண்டுக்குப் போட்டவள். சோதனை எழுதி, பாஸ் பண்ணி, இன்ரவியூவுக்குக் கடிதம் வந்து, ஒறிஜினல் எல்லாத்தையும் பிளாஸ்ரிக் பைலில ஒழுங்கா அடுக்கிக்கொண்டு போனவள். அங்க இருந்தவர் பட்டச் சான்றிதழை எடுத்து, விரலை வைச்சு, 'பயனுறு திகதி' (பட்டம் செல்லத் தொடங்குற நாள்) எண்ட வரியில நிப்பாட்டினவராம். கம்பஸ் பூட்டிக்கிடந்து கடைசி வருசச் சோதனை பிந்தின ஆக்கள் அவை, அதால அந்தத் திகதி விண்ணப்ப முடிவுத் திகதிக்குக் கொஞ்சநாள் பிந்திப்போச்சு. எல்லாத் தகைமையும் முடிவுத் திகதிக்கு முதல் இருக்கோணும் எண்டது சட்டம். "பிள்ளை உங்களுக்குத் தகைமை இல்லை, போகலாம்" அவ்வளவுதான்.

சட்டம் சரியோ எண்டு என்னைக் கேட்டா சரிதான், நான் இருந்தாலும் அந்த இடத்தில விரலை வைச்சுத்தான் இருப்பன், ஒரு திகதியில கோடு போடாட்டி ஒண்டுக்கும் முடிவில்லை. ஆனா அந்தத் திகதி அவள் முதல்நாள் விண்ணப்பத்தோட அனுப்பின பல்கலைக்கழகக் கடிதத்திலயே கிடந்தது. போட்டோ கொப்பி என்னட்டயும் இருக்கு, வடிவாத் தெரியுது. அண்டைக்கு ஒரு ஆள் அந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சிருந்தா அவள் அந்த வேலையை நம்பிக்கொண்டு வந்த தனியார் வேலையையும் விட்டிட்டு இருந்திருக்க மாட்டாள். "மாமா, அவை அண்டைக்கே இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் அழுதிட்டு வேற அலுவல் பாத்திருப்பன்" எண்டாள். எனக்கு மறுமொழி வரேல்ல.

வெளியில இருக்கிற ஆக்களுக்கு இன்ரவியூ எண்டா எல்லாம் ஒண்டுதான், ஆனா சேவைப் பிரமாணக் குறிப்பில, அதுதான் அந்தச் சேவைக்கு ஆள் எடுக்கிற விதியள் இருக்கிற ஆவணத்தில, அது ரெண்டு சாதி. ஒண்டு பொது நேர்முகப் பரீட்சை, அதில புள்ளி இல்லை, சேர்டிபிக்கற் சரியோ ஆள் அந்த ஆள்தானோ எண்டு பாக்கிறது மட்டும்தான் வேலை. மற்றது கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை, அதில புள்ளி இருக்கு, மேலதிகப் படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, மொழிக்கும் கொம்பியூட்டருக்கும் இவ்வளவு, இன்ரவியூவில காட்டுற திறமைக்கு இவ்வளவு எண்டு முதலே ஒப்புதல் எடுத்த ஒரு தாள் இருக்கும். ஒண்டு கடதாசியைப் பாக்கிறது, மற்றது ஆளைப் பாக்கிறது. எங்கட இடத்தில நடக்கிற முக்கால்வாசி அநியாயமும் இந்த ரெண்டையும் ஒரே மேசையில ஒரே நாளில போட்டுக் குழப்புறதாலதான் வருது. கடதாசி பாக்க இருக்கிறவர் ஆளைப் பற்றிக் கேள்வி கேப்பார், புள்ளியில்லாத இன்ரவியூவில "ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் சும்மா இருந்தனீங்கள்" எண்டு கேட்டா அது எந்தக் கட்டத்தில ஏறும்? ஆளைப் பாக்க வேண்டிய இடத்தில ஆளைப் பிடிக்காட்டி கடதாசியில ஒரு குறை தேடி எடுப்பினம், அவ்வளவு நாளும் கண்ணில படாத குறை அண்டைக்குப் படும். தகைமையை முதலே பாத்து முடிச்சிருந்தா இந்த வழிக்கு இடமே இல்லை.

கேக்கிற கேள்வியளும் அப்பிடித்தான். சாரதி வேலைக்கு வாகனத்தை ஓடிக்காட்டச் சொல்லுறது, அது நல்ல முறை, ஓடத்தெரியாதவன் எவன்ர கடிதம் கொண்டுவந்தாலும் ரிவேர்ஸ் எடுக்கேக்க தெரிஞ்சிடும். ஆனா அலுவலகப் பணியாளர் வேலைக்கு வாற பெடியனிட்ட ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிக் கேட்டு என்ன எடுக்கிறது, பைலை இலக்க ஒழுங்கில அடுக்கிக் காட்டச் சொன்னா ஐஞ்சு நிமிசத்தில தெரியாதோ. பொம்பிளைப் பிள்ளையளிட்ட கலியாணம் கட்டியாச்சோ, பிள்ளை குட்டி இருக்கோ, தீவுப்பகுதிக்குப் போட்டா போவீங்களோ எண்டு கேக்கினம். போறதெண்டு ஒப்புக்கொண்டுதான் விண்ணப்பத்தில கையெழுத்தே வைச்சிருக்கினம். ஆம்பிளையிட்ட அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக் காணேல்ல. அதேநேரம் நெடுந்தீவில இருந்து காலமை குமுதினிப் படகில ஏறி குறிகட்டுவானில இறங்கி பஸ் பிடிச்சு மாகாணக் கந்தோருகள் இருக்கிற கைதடிக்கு வாற பிள்ளைக்கு எட்டரைக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பினம், அதுக்கு முதல்நாளே வந்து ஆரும் சொந்தக்காரர் வீட்டில தங்கோணும். இதையும் கொஞ்சம் யோசிச்சா நல்லது.

எங்கட யாழ்ப்பாண மாவட்டத்துக்கெண்டு இன்னொரு சிக்கல் இருக்கு, அது தெற்கில இருக்கிற அதிகாரிக்குச் சொன்னா லேசில விளங்காது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில வலிகாமத்தில இருந்து உடுத்த உடுப்போட வெளிக்கிட்ட சனம் நாங்கள், 2009ல வன்னியில இருந்து வந்தவையிட்ட அதுவும் இல்லை. ஓ.எல். சேர்டிபிக்கற்றை திரும்ப எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழை எடுக்கலாம், பதிவே இல்லாட்டி அனுமான வயதுச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு. எடுத்த பிறகு பாத்தா பேர் பொருந்தாது. பிறப்புச் சான்றிதழில சிறிகாந்தன், அடையாள அட்டையில ஸ்ரீகாந்தன், ஏ.எல். சேர்டிபிக்கற்றில இங்கிலிசில ஒரு எழுத்துக் கூட, தேப்பன்ர பேர் ஒண்டில முன்னுக்கு ஒண்டில இல்லவே இல்லை. சமாதான நீதவானிட்ட ஒரு சத்தியக்கடதாசி முடிச்சு வைச்சா தீர்ற அலுவல், ஒரே ஆள்தான் எண்டு கிராம உத்தியோகத்தரும் எழுதிக் குடுப்பார். ஆனா அது தேவை எண்டு பிள்ளைக்கு இன்ரவியூ அண்டைக்குத்தான் தெரியவருது. சில இன்ரவியூ போட் (நேர்முகக் குழு) "ரெண்டு கிழமையில கொண்டுவாங்கோ" எண்டு விடும், சில போட் விடாது, ஆர் இருக்கிறார் எண்டதைப் பொறுத்தது. இதுக்கு ஒரு பொது ஒழுங்கு எழுதிப்போட எவ்வளவு நேரம் எடுக்கும்?

அறிவித்தலின்ர அடியில இன்னொண்டும் போட்டிருக்கும், மூண்டு மொழியிலயும் உள்ளதுக்கு இடையில வித்தியாசம் இருந்தா சிங்களத்தில உள்ளதே செல்லும் எண்டு. தமிழை மட்டும் வாசிச்சுப் போட்டு விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எங்க இருக்கெண்டு எப்பிடித் தெரியும். தெரிஞ்ச ஆரையும் கொண்டு சிங்களத்தையும் ஒருக்கா வாசிப்பியுங்கோ எண்டுதான் நான் கேட்டு வாறவைக்குச் சொல்லுறது, வேற வழியில்லை.

விதி நடுவில மாறினா என்ன நடக்கும் எண்டதுக்கு 2020ஐ விட வேற உதாரணம் வேண்டாம். பட்டதாரிப் பயிலுநர் எண்டு மாதம் 20,000 ரூபா குடுத்து நாடு முழுக்க ஆக்களை எடுத்தவை. வேலையில்லாதவைக்குத்தானே வேலை எண்டு ஈ.பி.எஃப். (தனியார் வேலை செய்யிறவைக்குப் பிடிக்கிற சேமலாப நிதி) பதிவு இருந்த பிள்ளையளின்ர பேரை வெட்டினவை, பேந்து மேன்முறையீடு, ஆர்ப்பாட்டம். வேலை கிடைக்குமட்டும் சும்மா இருக்கக்கூடாதெண்டு பாமசியிலயும் லீசிங் கொம்பனியிலயும் நிண்ட பிள்ளையள்தான் அதில கூட அடிபட்டது. அதுக்கு முதல் 2017ல இஞ்ச யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) முன்னால மாசக்கணக்கில கொட்டில் போட்டு இருந்தவை, அதைப் பாத்தவைக்குத் தெரியும், அந்தக் கொட்டிலில இருந்தவையில எத்தினையோ பேர் பின்னேரத்தில ரியூசன் சொல்லிக் குடுத்துத்தான் சீவிச்சவை. வேலை செய்து பழகின ஆளைக் கழிச்சுப்போட்டு வேலை செய்யாத ஆளை எடுக்கிறதுக்கு ஒரு சேவை விதி எண்டா, பொருத்தம் பாக்கிற கதையை நாங்கள் விட்டிடலாம்.

உடல் உள ஆரோக்கியம் எண்ட வரியும் கவனிக்க வேண்டியது. 1988ல வந்த 27/88 சுற்றறிக்கை, தகைமை இருந்து, வேலை செய்யிறதுக்கு அந்தக் குறை தடையில்லை எண்டா வெற்றிடத்தில நூற்றுக்கு 3 மாற்றுத்திறனாளிகளுக்கு எண்டு சொல்லுது. 1996ல அவையின்ர உரிமையைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. கால் இழந்த ஒரு ஆள் கணக்குக் கிளையில இருந்து லெட்ஜர் எழுத என்ன தடை? ஆனா வர்த்தமானியில 'மாகாணத்தின் எப்பாகத்திலும் கடமையாற்றக்கூடிய உடல் உள ஆரோக்கியம்' எண்ட வரியை வாசிச்ச உடன எங்கட பெடியள் தாங்களே ஒதுங்கியிடுறாங்கள், விண்ணப்பமே போடுறாங்கள் இல்லை. கழிக்கிற வேலையைக் கந்தோர் செய்யத் தேவையில்லாமப் போகுது. அறிவித்தலில அந்த 3 வீதத்தையும் ஒரு வரியாப் போட்டா என்ன? அதே மாதிரி, நீதிமன்றத்தால தண்டிக்கப்பட்டிருக்கிறீங்களோ எண்டு ஃபோமில ஒரு கேள்வி இருக்கு. 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடிச்சு வந்த முன்னாள் போராளிகள் 12,000க்கு மேல, அவையில அநேகம்பேர் ஒரு வழக்கிலயும் தண்டிக்கப்படேல்ல, அதால அவை 'இல்லை' எண்டு எழுதலாம். எழுதப் பயந்து கட்டத்தை வெறுமனே விட்டிட்டு அனுப்புவினம், வெறுங்கட்டம் எண்டா முழுமையில்லாத விண்ணப்பம், கதை முடிஞ்சுது.

இவ்வளவும் எழுதினதைப் பாத்திட்டு, அப்ப தகைமை பாக்க வேண்டாம், கேட்டவனுக்கெல்லாம் குடு எண்டு நான் சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம். நல்லா இறுக்கிப் பாக்கோணும். போலிச் சான்றிதழை நான் கையில வாங்கிப் பாத்தனான், எழுத்து வடிவு தெளிவு எல்லாம் அச்சொட்டு, ஆனா அந்த வருசத்தில அந்தப் பாடமே அந்தப் பேரில இல்லை. சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்தி எடுக்கிறது நியமனம் குடுத்து மாசக்கணக்குக்குப் பிறகுதான் முடியுது, அதுக்குள்ள சம்பளம் போயிடும், இதுவும் முதலே செய்யவேண்டிய வேலை. சொல்லப்போனா பாராளுமன்றத்துக்குப் போறவைக்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை, 2024 டிசம்பரில சபாநாயகர் ஒருத்தர் தன்ர கலாநிதிப் பட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்து பதவியை விட்டவர். எங்கட கந்தோரில தேத்தண்ணி ஊத்துற பெடியன்ர சேர்டிபிக்கற்றை நாங்கள் அதைவிட வடிவாப் பாத்தனாங்கள்.

செல்வாக்குக் கதையும் சும்மா வந்ததில்லை எண்டு ஒத்துக்கொள்ளோணும். 1972 அரசியலமைப்போட அரச சேவை நியமனம் மந்திரிசபையின்ர கைக்குப் போனது, 2001ல 17ஆவது திருத்தத்தோடதான் அரச சேவை ஆணைக்குழுவுக்கு ஒரு சுயாதீனம் எண்டு வந்தது, அதையும் பேந்து பேந்து திருத்தி விளையாடினவை. எங்கட வடமாகாணசபையின்ர காலம் 2018 ஒக்ரோபரில முடிஞ்சாப்பிறகு எலெக்சனும் இல்லை, சபையில எழும்பிக் கேள்வி கேக்கவும் ஆள் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஆட்சேர்ப்பு எல்லாம் இறுக்கி நிப்பாட்டி, 2025 வரவுசெலவுத் திட்டத்திலதான் 30,000 பேரை அரச சேவைக்கு எடுக்கப்போறம் எண்டு சொன்னவை. இப்பிடிக் காலம் கடந்து வாற கூட்டத்தில ஒரு வெற்றிடத்துக்கு எத்தினை பேர் போடுவினம் எண்டு யோசியுங்கோ, பிரிச்சுக் கழிக்கிற மேசையில எவ்வளவு அதிகாரம் சேருது எண்டும் யோசியுங்கோ. அந்த மேசையில எழுதுற காரணம் வெளியில போகும் எண்டு தெரிஞ்சா எழுதுறவன்ர பேனை கொஞ்சம் கவனமா எழுதும், எனக்கு அது நல்லாத் தெரியும்.

பொருத்தம் எண்டு பாத்தா, பதினைஞ்சு நிமிச இன்ரவியூவில ஒரு ஆளை மட்டுக்கட்ட ஆராலயும் ஏலாது. அதுக்குத்தான் மூண்டு வருசத் தகுதிகாண் காலம் வைச்சிருக்கு. நேரத்துக்கு வாறானோ, சனத்தோட மரியாதையாக் கதைக்கிறாளோ, பைலை ஒளிச்சு வைக்கிறானோ, எல்லாம் அதுக்குள்ள தெரியும். ஆனா என்ன நடக்குது, மூண்டு வருசம் முடிய வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சை பாஸ் பண்ணினா போதும், மேலதிகாரி 'திருப்திகரம்' எண்டு எழுதி அனுப்பிவிடுவார், எழுதாட்டி அந்த ஆள் தன்ர தலையிலதான் விடியும் எண்டு அவருக்குத் தெரியும். திருப்தியில்லை எண்டு எழுதி அனுப்பின தலைமை அதிகாரி ஒருத்தரை நான் கண்டனான், அவரைத்தான் கந்தோர் முழுக்க பொல்லாதவர் எண்டு சொன்னது.

வேலைக்குப் போடுற பிள்ளையளுக்கு ஒரு அலுவல் சொல்லிப்போட்டு முடிக்கிறன். பதிவுத் தபால் றிசீற்றையும் அனுப்பின முழு விண்ணப்பத்தின்ர கொப்பியையும் எறியாம வைச்சிருங்கோ. கன மாசமா ஒரு மறுமொழியும் வரேல்ல எண்டா 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு, அந்தக் கந்தோரில தகவல் உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் கட்டாயம் இருக்கோணும். ஏன் கேக்கிறீங்கள் எண்டு அவருக்குச் சொல்லத் தேவையில்லை, 14 வேலைநாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு அவர் முடிவு சொல்லோணும், சொல்லாட்டி மேன்முறையீடு செய்யலாம், அங்காலயும் சரிவராட்டி கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கு. "எனக்கு ஏன் வேலை தரேல்ல" எண்டு கேட்டு எழுதாதேங்கோ, அதுக்கு வளைச்சு நெளிச்சு ஒரு மறுமொழி எழுதுவினம், நாங்களும் எழுதினனாங்கள். விண்ணப்பம் பரிசீலிச்ச ஷீற்றில உங்கட பேர் இருக்கிற வரியின்ர கொப்பியைக் கேளுங்கோ, குறிப்புக் கட்டத்தோட சேத்து. புள்ளி போட்ட இன்ரவியூ எண்டா புள்ளித் தாளில உங்கட வரியையும் கேளுங்கோ. கடிதத்தில முடிவுத் திகதியையும் உங்கட அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத மறக்காதேங்கோ, அது இல்லாட்டி தேட ஏலாது எண்டு திருப்பி அனுப்புவினம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர்
கொக்குவில்